டேபிள் டென்னிஸ் பயிற்சி: தனியாகவா, குழுவிலா, கிளப்பிலா, ரோபோவுடனா?

பந்தைத் தவறவிடாமல் இருபது முப்பது முறை தொடர்ந்து வலைக்கு மேல் திருப்பி அனுப்பத் தெரிந்துகொண்ட ஒருவர் டேபிள் டென்னிஸில் அடுத்த படிக்குப் போக விரும்பினால், அவர் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரு பயிற்சியாளரிடம் தனியாகக் கற்கலாம். பலர் சேர்ந்த குழுவில் பயிலலாம். பயிற்சி என்று தனியே எதுவும் வைத்துக்கொள்ளாமல், கிளப்புக்கு வருகிறவர்களோடெல்லாம் ஆடி ஆடியே தேறலாம். பந்தை எறியும் ரோபோவின் துணையோடு தாமே பழகலாம். நேரமும் பணமும் தாராளமாக உள்ளவர்கள் நான்கையும் செய்துகொள்ளலாம். வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிந்தவருக்கும், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும்தான் இந்தத் தேர்வு உண்மையான கேள்வியாகிறது. அவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் இந்த விளையாட்டு ஆட்டக்காரரிடம் என்ன கேட்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். இவ்வளவு குறுகிய தொலைவில், ஓரளவு வேகமாக அடிக்கப்பட்ட பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் நம்மை வந்தடைந்துவிடுகிறது. எனவே பந்து நம் பக்கத்தில் விழுந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க இடமில்லை; எதிராளியின் தோள் எப்படித் திரும்புகிறது, மட்டை எந்தக் கோணத்தில் வருகிறது, பந்தை அது தடவுகிறதா தட்டுகிறதா என்பவற்றைக் கொண்டு, பந்து புறப்படும்போதே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே இந்த ஆட்டத்தில் கற்க வேண்டியவை இரண்டு: பந்தைச் சரியாக அடிக்கும் திறன் ஒன்று, வருகிற பந்தைப் படிக்கும் திறன் மற்றொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் அதையே பயிற்சி என்று நினைக்கிறார்கள். இரண்டாவது வெளியே தெரிவதில்லை. ஆனால் இடைநிலை ஆட்டக்காரர்கள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இதில்தான் போகிறது என்பது நான் நீண்டகாலமாகக் கவனித்துவரும் உண்மை. மேற்சொன்ன நான்கு வழிகளும் இந்த இரண்டு திறன்களையும் எந்த அளவில் கலந்து தருகின்றன என்பதுதான் அவற்றுக்கிடையே உள்ள முக்கியமான வேறுபாடு. கட்டணம், வசதி, பயண தூரம் முதலியன அதற்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை.

தனிப்பயிற்சியின் பலம் ஐயத்துக்கு இடமில்லாதது. மட்டையைப் பிடிக்கும் விதம், நிற்கும் நிலை, ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்க) வீச்சில் இடுப்பு திரும்பும் அளவு, பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்க வீச்சில்) முழங்கை நிற்கும் இடம் ஆகியவற்றில் ஒரு தவறு பதிந்துவிட்டால், அதைத் திருத்துவதற்கு அருகிலேயே ஒருவர் நின்று ஒவ்வொரு பந்துக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குழுவில் எந்தப் பயிற்சியாளராலும் அதைச் செய்ய இயலாது. சீனப் பயிற்சி முறையில் பெருவழக்காக இருந்து இன்று எல்லா நாடுகளிலும் பரவிவிட்ட மல்டிபால் முறை தனிப்பயிற்சியில்தான் முழுப் பயனைத் தருகிறது. கூடை நிறையப் பந்துகளை அருகில் வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப, கற்பவர் பந்து பொறுக்குவதில் நேரத்தை இழக்காமல், ரேலி (பந்து இருபுறமும் தொடர்ந்து போய்வருவது) அறுந்துபோகுமே என்ற அச்சமும் இல்லாமல், ஒரே அடியைப் பத்து நிமிடத்தில் சில நூறு முறை செய்துவிட முடிகிறது. கால் நகர்வைக் கற்பதற்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. பயிற்சியாளர் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கற்பவரின் திறனுக்குச் சற்று மேலாகவே வைத்துக்கொண்டு போகலாம் என்பதால், உடலால் எட்ட முடிகிற எல்லை நாளுக்கு நாள் விரிகிறது.

ஆனால் தனிப்பயிற்சியில் ஒரு மறைவான குறை உண்டு. அனுபவமுள்ள பயிற்சியாளர் பிளாக் செய்யும்போது, அதாவது மட்டையை வீசாமல் பந்தைத் தடுத்துத் திருப்பும்போது, பந்து ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், கற்பவர் எதிர்பார்க்கும் இடத்துக்கே திரும்பி வருகிறது. கற்பவர் தவறான இடத்தில் அடித்தாலும், அடி சற்று வலுவிழந்திருந்தாலும், அந்தக் கை அதைச் சரிசெய்து அழகான பந்தாகவே திருப்பித் தருகிறது. ரேலி நீள்கிறது, ஒலி சீராகக் கேட்கிறது, கற்பவருக்குத் தம் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) நன்றாகிவிட்டது என்ற நம்பிக்கை பிறக்கிறது. பிறகு போட்டியில், தம்மைவிடத் திறன் குறைந்த எதிராளியின் தாறுமாறான பந்துகளுக்கு முன் அந்த டாப்ஸ்பின் வலையில் போய் விழுகிறது. பயிற்சியில் இவ்வளவு நன்றாக ஆடுகிறவர் போட்டியில் ஏன் தோற்கிறார் என்று பெற்றோர் கேட்கும்போது, பலர் மனஉறுதியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அது மனஉறுதியின் குறை அன்று. அவர் ஆடிப் பழகிய பந்தும் போட்டியில் வருகிற பந்தும் ஒன்றல்ல என்பதே காரணம்.

இன்னொன்றும் உண்டு. தாமே மட்டை பிடித்து எதிரே ஆடுகிற பயிற்சியாளரின் கவனத்தில் பாதி பந்தின் மேல் இருக்கிறது; மேசைக்குக் கீழே கற்பவரின் கால்கள் என்ன செய்கின்றன என்பது அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. மணிக்கணக்காக எதிரே நின்று ஆடிக்கொடுப்பதே தனிப்பயிற்சி என்று எண்ணுகிற இடங்களில், கற்பவர் செலுத்தும் கட்டணத்துக்கு ஒரு நல்ல ஆட்டத் துணை கிடைக்கிறாரே தவிர, கவனித்துப் பார்க்கும் கண் கிடைப்பதில்லை. பக்கவாட்டில் நின்று பார்க்கிற, இடையிடையே ஆட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்கிற, தேவைப்பட்டால் வேறொருவரை எதிரே ஆடவிட்டுக் கவனிக்கிற பயிற்சியாளர் அமைந்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

இந்த இடத்தில், உடல்திறனைக் கற்பது பற்றிய ஆய்வு ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள், சிறிய மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டிவிடும் மூன்று அசைவுகளைச் சிலருக்குக் கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். மற்றொரு பிரிவினர் மூன்றையும் கலந்து, அடுத்து எது வரும் என்று தெரியாத வகையில் பயின்றார்கள். பயிற்சியின்போது முதல் பிரிவினரே வேகமாகச் செய்தார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பயின்றவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த எளிய அசைவுகளை மேசையில் ஆடும் அடிகளோடு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பதும், முற்றிலும் புதியவருக்கு ஓர் அடியைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டம் தேவை என்பதும் உண்மைதான். ஆயினும், அன்றைய பயிற்சியில் எவ்வளவு சீராக ஆடினோம் என்பது எவ்வளவு கற்றோம் என்பதற்கு அளவுகோல் ஆகாது என்ற எச்சரிக்கையை டேபிள் டென்னிஸ் கற்பிக்கும் எவரும் புறக்கணிக்கக் கூடாது. ஒரு மணி நேரத் தனிப்பயிற்சி முழுவதும் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்டுக்கு பேக்ஹேண்ட் என்றே கழிந்தால், கற்பவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார். ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரியாத நிலையில் முடிவெடுக்கும் பழக்கம் அவருக்கு அன்று ஒரு துளிகூடக் கிடைத்திருக்காது.

குழுப்பயிற்சியின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. குழுவில் எதிரே நிற்பவரும் நம்மைப் போலவே கற்பவர். அவருடைய பந்து சில நேரம் நீளமாகவும் சில நேரம் குட்டையாகவும், சுழற்சி கூடியும் குறைந்தும் வரும். அதைக் குறையாகக் கருதிப் பெற்றோர் பலர் வருந்துகிறார்கள். நான் அதைக் குழுப்பயிற்சியின் பெரிய நன்மை என்றே கருதுகிறேன், ஏனெனில் போட்டியில் சந்திக்கப் போகும் பந்து அதுவே. அதோடு, குழுவில் பாதி நேரம் நாம் அடிப்பவராகவும் மீதி நேரம் துணைக்குப் பிளாக் செய்பவராகவும் இருக்கிறோம். பிளாக் செய்யும் அந்த நேரத்தை வீண் என்று நினைப்பவர்கள், தனிப்பயிற்சியில் மட்டுமே வளர்ந்தவர்களுக்கு மிக அதிகமாகக் குறைபடுவது பிளாக்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எதிராளியின் லூப் (சுழற்சி மிகுந்த டாப்ஸ்பின்) எவ்வளவு சுழற்சியோடு வருகிறது என்பதைக் கையால் உணர்ந்து மட்டையின் கோணத்தை மாற்றுவதுதான் பந்தைப் படிப்பதன் தொடக்கப் பாடம்.

ஸ்வீடனின் ஆட்ட வரலாறு குழுவின் வலிமைக்கு நல்ல சான்று. ஃபால்கன்பெர்க் என்ற சிறிய ஊரின் கிளப்பில் வளர்ந்த ஸ்டெல்லான் பெங்ட்சன் 1971இல் நகோயாவில் உலக ஒற்றையர் பட்டம் வென்றார். அந்த ஊரின் பெயரால் வழங்கும் பயிற்சி இன்றும் உலகெங்கும் குழுக்களில் நடக்கிறது: பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பந்தை பேக்ஹேண்டால் அடித்து, அதே மூலைக்கு வரும் அடுத்த பந்தைச் சுற்றி நகர்ந்து ஃபோர்ஹேண்டால் அடித்து, மூன்றாவதை எதிர்மூலைக்கு ஓடி ஃபோர்ஹேண்டால் அடித்துவிட்டு மீண்டும் தொடங்குவது. இரண்டு பேர் ஒத்துழைத்தால் போதும், தனிப்பயிற்சியாளர் தேவையில்லை. பிறகு வந்த தலைமுறையில் யான்-ஓவே வால்ட்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1989இல் டார்ட்மண்டில் சீனாவை 5-0 என்று வென்று உலக அணிப்பட்டம் பெற்றார்கள். ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்து ஒரே கூட்டமாக வளர்ந்தவர்கள் அவர்கள். வால்ட்னர் 1980இல், பதின்ம வயதிலேயே, சீனாவுக்குச் சென்று பயின்றிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; தம் கூட்டத்துக்கு வெளியே வேறுவகை ஆட்டத்தைத் தேடிப் போவதும் அந்த வளர்ச்சியின் பகுதியாக இருந்தது. சீனத் தேசிய அணியும், மிகச் சிறந்த பயிற்சியாளர்கள் இருந்தும், அயல்நாட்டு ஆட்டக்காரர்களின் பாணியை அப்படியே ஆடிக்காட்டும் துணை ஆட்டக்காரர்களை வைத்துப் பயிற்சி செய்வது வழக்கம். எதிரே நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு உயர்நிலையில் உள்ளவர்களே இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்.

குழுப்பயிற்சியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரு பயிற்சியாளருக்கு ஆறு மேசைகள், மேசைக்கு நான்கு பேர் என்று இருந்தால் அங்கே பயிற்சி நடப்பதில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று காத்திருப்பதுதான் நடக்கிறது. திறனில் பெரிய வேறுபாடு உள்ளவர்களைச் சேர்த்துவிட்டால் வல்லவருக்குச் சலிப்பும் மற்றவருக்குத் தாழ்வுணர்வும் ஏற்படுகின்றன. எப்போதும் ஒரே துணையோடு பயின்றால், தனிப்பயிற்சியில் சொன்ன அதே குறை இங்கும் வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணையை மாற்றுகிற குழுவையும் மாற்றாத குழுவையும் ஒரே பெயரால் அழைப்பதே தவறு என்று சொல்லும் அளவுக்கு அவற்றின் விளைவுகள் வேறுபடுகின்றன.

மூன்றாவது வழியான கிளப் ஆட்டத்தைப் பயிற்சியாளர்கள் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டேபிள் டென்னிஸ் கிளப்பில் கிடைப்பது போன்ற எதிராளிகளின் வகைமையை வேறு எந்தப் பயிற்சிக்கூடமும் தர முடியாது. நீண்ட முள் ரப்பர் ஒட்டிய மட்டையோடு மேசையருகே அசையாமல் நின்று, நாம் கொடுத்த சுழற்சியையே தலைகீழாகத் திருப்பித் தரும் முதியவர்; மேசையிலிருந்து பின்னால் தள்ளி நின்று ஒவ்வொரு பந்தையும் கீழ்நோக்கி வெட்டிச் சாப் செய்பவர்; பேனாவைப் பிடிப்பது போன்ற பென்ஹோல்டு பிடியில் ஆடுபவர்; இடக்கை ஆட்டக்காரர்; எந்த நூலிலும் இல்லாத சர்வீஸ் ஒன்றைத் தாமே உருவாக்கி வைத்திருப்பவர். இவர்கள் எல்லாரையும் ஒரே மாலையில் சந்திக்கலாம். மட்டையின் ஒரு பக்கம் கருப்பாகவும் மறுபக்கம் வேறு நிறத்திலும் இருக்க வேண்டும் என்ற விதியே, ரப்பரின் தன்மை வேறுபட்டால் ஆட்டம் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதைக் காட்டுகிறது: எந்தப் பக்கத்தால் பந்து அடிக்கப்பட்டது என்று எதிராளிக்குத் தெரியாவிட்டால் ஆட்டமே ஆட முடியாமல் போய்விடும். அந்த நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் கிளப்பில் அடிபட்டுத்தான் வருகிறது.

வென்றவர் மேசையில் நிற்பார், தோற்றவர் விலகிக் காத்திருப்பார் என்ற வழக்கம் உள்ள கிளப்புகளில், பதினொன்று புள்ளி கொண்ட ஒரே கேமில் முடிவு தெரிந்துவிடுவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. தோற்றால் அரை மணி நேரம் பார்வையாளராக இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் மற்றவர்களின் சர்வீஸைக் கூர்ந்து பார்க்கிறவர் ஆடுபவரைவிட அதிகமாகக் கற்கக்கூடும். மேசையின் விளிம்பில் உரசிச் சென்ற பந்தை எதிராளி சொல்லும் முன்பே ஒத்துக்கொள்வதும், வலையில் பட்டு விழுந்த புள்ளிக்குக் கையை உயர்த்தி வருத்தம் தெரிவிப்பதும், பக்கத்து மேசைப் பந்து உருண்டு வந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி அதை எடுத்துக்கொடுப்பதும், வயதில் மூத்தவரிடம் தோற்றாலும் சிறுவனிடம் தோற்றாலும் ஒரே மாதிரி கைகுலுக்குவதும் கிளப்பில்தான் பழகுகின்றன. இவற்றை எந்தப் பயிற்சிக் கட்டணத்துக்கும் யாரும் பாடமாக நடத்துவதில்லை. பிள்ளைகள் இந்த விளையாட்டை ஐம்பது ஆண்டு ஆடப் போகிறார்கள் என்றால் அவர்களை அங்கே கட்டிவைக்கப் போவது இந்தச் சூழல்தான். அதனாலேயே கிளப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

இருந்தாலும், கிளப் ஆட்டத்தை மட்டுமே நம்பியவர்கள் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். வெல்ல வேண்டும் என்ற அழுத்தத்தில் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்கெனவே கைவந்த அடிகளையே ஆடுவார்கள். பலவீனமான பேக்ஹேண்ட் பத்தாண்டு கழித்தும் அதே நிலையில் இருக்கும். சர்வீஸ் விஷயத்தில் இன்னும் மோசமான ஆபத்து உண்டு. விதிப்படி, விரித்த உள்ளங்கையில் வைத்த பந்தை ஏறக்குறைய செங்குத்தாக, உள்ளங்கையை விட்டு 16 சென்டிமீட்டராவது மேலே எறிந்து, அது கீழிறங்கும்போது அடிக்க வேண்டும். எறிந்தது முதல் அடிக்கும் வரை பந்து மேசைப் பரப்பின் மட்டத்துக்கு மேலேயும் கடைக்கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். 2002இலிருந்து, பந்தை உடலாலோ கையாலோ மறைப்பதற்கும் தடை உண்டு. பல கிளப்புகளில் இதை யாரும் கண்டிப்பதில்லை. கையிலிருந்தே தட்டிவிடும் சர்வீஸில் வளர்ந்த இளைஞர் முதல் போட்டியில் நடுவரால் எச்சரிக்கப்படும்போது, அவருடைய வலிமையான ஆயுதமே பறிபோய்விடுகிறது. புதிய சர்வீஸ் ஒன்றைக் கற்கப் பல மாதங்கள் தேவைப்படும்.

ரோபோவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. துணை கிடைக்காதவருக்கும், காயத்திலிருந்து மீண்டு மெல்ல ஆடத் தொடங்குபவருக்கும், ஓர் அடியை உடலில் பதிக்க விரும்புபவருக்கும் அது உதவும். இன்றைய ரோபோக்கள் பந்தின் இடத்தையும் சுழற்சியையும் கலந்து அனுப்பவும் செய்கின்றன. ஆனால் அதற்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. பந்து ஒரு துளையிலிருந்து வெளிப்படுகிறது. எதிராளியின் அசைவைக் கொண்டு பந்தைப் படிக்கும் திறன் அதனோடு பழகுவதால் நமக்கு ஒருபோதும் வளராது. நாம் அடித்த பந்து நன்றாக இருந்ததா என்பதையும் அது பொருட்படுத்துவதில்லை. அடுத்த பந்து எப்படியும் வந்துவிடும். ரோபோவுக்குச் செலவிட எண்ணும் தொகையில் நூறு பந்துகளும் ஒரு கூடையும் வாங்கி, காலியான மேசையில் தனியாகச் சர்வீஸ் பழகுவது பலருக்கு அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. இந்த விளையாட்டில் எதிராளியின் குறுக்கீடு சிறிதும் இல்லாமல் நாமே முழுவதும் தீர்மானிக்கிற ஒரே அடி சர்வீஸ்தான். அதைப் பழக எவருடைய துணையும் வேண்டியதில்லை. கேம் 21 புள்ளியிலிருந்து 11 புள்ளியாக 2001இல் குறைக்கப்பட்டு, ஒருவருக்கு இரண்டு சர்வீஸ் என்று மாறிய பிறகு, தொடர்ந்து ஐந்து சர்வீஸ் செய்து நிதானமாக எதிராளியை அளக்கும் வாய்ப்பு போய்விட்டது. முதல் இரண்டிலேயே பலன் தெரிய வேண்டும். அப்படியிருந்தும் பெரும்பாலோரின் பயிற்சி நேரத்தில் சர்வீஸுக்குக் கடைசி ஐந்து நிமிடமே கிடைக்கிறது.

எந்த வயதினருக்கு எது பொருந்தும் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, வேறு எதையும் விடக் குழுவையே நான் பரிந்துரைப்பேன். தன் வயதுப் பிள்ளைகளோடு ஓடியாடி, நாளைக்கும் வர வேண்டும் என்ற ஆசை தோன்றுவதே அந்த வயதில் கிடைக்க வேண்டிய முதல் பயன். தனிப்பயிற்சியில் ஒரு பெரியவரின் முன் ஒரு மணி நேரம் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பது பல குழந்தைகளுக்குச் சுமை. ஆட்டக்காரர்களான பெற்றோர் வீட்டில் இருந்தால் நிலைமை வேறு என்பார்கள், ஜப்பானின் தொமொகாசு ஹரிமோட்டோவின் தாயும் தந்தையும் ஆட்டக்காரர்களே என்பது போல. பிரான்சின் ஃபெலிக்ஸ் லெப்ரானுடைய எடுத்துக்காட்டு அதைவிட நுட்பமானது. அவருடைய தந்தை முன்னாள் ஆட்டக்காரர். அண்ணன் அலெக்சி இன்று அவரோடு ஒரே தேசிய அணியில் ஆடுகிறார். ஆனால் ஃபெலிக்ஸின் பென்ஹோல்டு பிடி வீட்டிலிருந்து வரவில்லை. மோன்பெலியே கிளப்பில் இருந்த சீன ஆட்டக்காரர் சென் ஜியானைச் சிறுவயதில் பார்த்து வந்தது. அந்தப் பிடியோடுதான் அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். எல்லாரையும் ஒரே பிடியில் அடக்கும் கண்டிப்பான பயிற்சித் திட்டத்தில் அந்த ஆட்டம் பிறந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். குடும்பத்தின் கவனமும், கிளப்பின் வகைமையும், பிள்ளையின் விருப்பத்தைத் தடுக்காத பெரியவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

போட்டிகளில் ஆடத் தொடங்கிவிட்ட பதின்ம வயதினருக்குத் தனிப்பயிற்சியின் பங்கு கூட வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு காலப்பகுதிக்கும் ஒரு நோக்கத்தோடு இருக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதத்தில் குட்டையான பந்தை மணிக்கட்டால் சுண்டி அடிக்கும் பேக்ஹேண்ட் ஃபிளிக் என்று குறித்துக்கொண்டு, அதைத் தனிப்பயிற்சியில் மல்டிபாலால் உருவாக்கி, குழுவில் ஒத்துழைக்கும் துணையோடு பழகி, கிளப்பில் எதிர்க்கும் ஆட்டக்காரரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த வரிசை இல்லாமல் வாரந்தோறும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும் தனிப்பயிற்சி, பணத்தைக் கரைக்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகு தொடங்குகிறவருக்கோ வேறு கணக்கு. அவருக்கு உடல் நகர்வு விரைவில் ஓர் எல்லையைத் தொட்டுவிடும்; சர்வீஸ், ரிசீவ் (எதிராளியின் சர்வீஸைத் திருப்புவது), பந்தை வைக்கும் இடம் ஆகியவற்றில் அவர் தொடர்ந்து முன்னேறலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தனி வகுப்புகள், மற்ற நேரமெல்லாம் கிளப் என்பது அவருக்கு நன்றாகவே பொருந்தும். மூட்டு வலி தரும் அளவுக்குத் தீவிரமான கால்நகர்வுப் பயிற்சியை அவர்மேல் சுமத்தும் பயிற்சியாளரை மாற்றிவிடலாம்.

வழியைத் தேர்ந்த பிறகு ஆளைத் தேர வேண்டும். பணம் கட்டும் முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அந்த வகுப்பில் சர்வீஸுக்கும் ரிசீவுக்கும் எவ்வளவு நேரம் போகிறது, பந்து எங்கே வரும் என்று தெரியாமல் ஆடும் பயிற்சி ஒன்றாவது உண்டா, தவறு செய்த பிள்ளையிடம் பயிற்சியாளர் எந்தக் குரலில் பேசுகிறார் என்று கவனித்தாலே போதுமான அளவுக்குத் தெரிந்துவிடும். பந்து 2000இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகப் பெரிதாகி, 2014இல் செல்லுலாய்டுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்த பிறகு, சுழற்சி சற்றுக் குறைந்து ரேலிகள் நீண்டுவிட்டன. பேக்ஹேண்டின் தேவை மிகவும் கூடிவிட்டது. அதற்கு முன் ஆடிய பயிற்சியாளர் இந்த மாற்றத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்பது நல்லது. தாம் ஆடிய காலத்து முறையையே எவர்மீதும் திணிப்பவரா, தொடர்ந்து கற்பவரா என்பது அந்த ஒரு பதிலில் வெளிப்படும். அவர் போட்டிக்கு உடன் வருவாரா என்பதும் கேட்க வேண்டியதே. முன்பு கேம் இடைவேளையிலும், ஆட்டத்துக்கு ஒருமுறை எடுக்கும் டைம்-அவுட்டிலும் மட்டுமே ஆலோசனை சொல்ல முடியும். 2016இல் விதி மாறியபின், ஆட்டம் தாமதமாகாத வரை, ரேலி நடக்காத எந்த நேரத்திலும் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பயிற்சியாளரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளை தானாக யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. கேமுக்கு ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும் பயிற்சியாளரை நான் மிகவும் மதிக்கிறேன்.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் உள்ள, ஓரளவு ஆடத் தெரிந்த ஒருவர் என்னைக் கேட்டால், துணையை மாற்றி மாற்றி நடக்கும் குழுப்பயிற்சிக்கு இரண்டரை மணி நேரம், கிளப்புக்கு ஒன்றரை மணி நேரம், தனியாகச் சர்வீஸ் பழக அரை மணி நேரம், மீதி அரை மணி நேரம் தனிப்பயிற்சி என்று பிரிப்பேன். அந்தத் தனிப்பயிற்சி நேரத்தைச் சேர்த்துவைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முழு வகுப்பாக எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது. நல்ல குழு அருகில் இல்லையென்றால் அந்தப் பங்கைக் கிளப்புக்குக் கொடுப்பேனே தவிர ரோபோவுக்குக் கொடுக்க மாட்டேன்; கிளப்பில் ஆட வரும் ஒருவரிடம், முதல் இருபது நிமிடம் ஃபால்கன்பெர்க் போன்ற ஏதாவதொரு பயிற்சியைச் செய்துவிட்டுப் பிறகு ஆடலாமா என்று கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தனிப்பயிற்சியாளரும் குழுப் பயிற்சியாளரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால், ஒருவரிடம் கற்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்துச் செய்தால் ஒரே வாரத்தில் முழங்கையை உயர்த்தச் சொல்பவருக்கும் தாழ்த்தச் சொல்பவருக்கும் நடுவே பிள்ளை மாட்டிக்கொள்ளும். இருவரின் கருத்தும் ஒத்துப்போகாத இடத்தில், வாரத்தில் அதிக நேரம் யார் கண்ணெதிரே பிள்ளை ஆடுகிறதோ அவர் சொல்வதையே அந்தப் போட்டிப் பருவம் முடியும்வரை பின்பற்றி, மாற்றத்தைப் பற்றிய பேச்சைப் போட்டிகள் இல்லாத மாதங்களுக்கு ஒத்திவைப்பது நல்லது.